ஓய்வும் ஒரு மருந்துதான். அதற்கும் அளவு உண்டு

விளையாட்டுப் பாடவேளையில் மைதானத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தால், வேப்பமர நிழலிலோ வகுப்பறைத் திண்ணையிலோ ஓரிரு மாணவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பல பள்ளிகளில் காணலாம். ஒருவருக்கு ஆஸ்துமா, ஒருவருக்குச் சர்க்கரை நோய், இன்னொருவருக்குக் காலில் பலம் குறைவு. "பாவம், முடியாத பிள்ளை, உட்காரட்டும்" என்று நாம் சொல்வது அக்கறையால்தான். பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் ஆறாம் வகுப்பில் திண்ணையில் உட்கார்ந்த குழந்தை, பத்தாம் வகுப்பு முடியும்வரை அங்கேயே இருந்துவிடுகிறது.

அறிவியல் ஆசிரியர் என்பதால் சக ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சார், இந்தப் பையனை ஓட விடலாமா?" ஒரே வரியில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி அது. நோயாளிக்கு ஓய்வா, உடற்பயிற்சியா என்ற விஷயத்தில் மருத்துவ உலகமே கடந்த 70 ஆண்டுகளில் தன் கருத்தைப் பெருமளவு மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மாற்றம் எப்படி வந்தது, நம் வகுப்பில் உள்ள குழந்தைகளுக்கு அது என்ன சொல்கிறது என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

படுக்கையிலிருந்து நாற்காலிக்கு

20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மாரடைப்பு வந்தவரைப் பல வாரங்கள் படுக்கையை விட்டு எழவிடாமல் வைத்திருப்பதே வழக்கம். காயம்பட்ட இதயத் தசை ஆறும்வரை அதற்கு வேலை கொடுக்கக்கூடாது என்ற எண்ணம், கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் அசையாமல் கிடந்த நோயாளிகளின் கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் கட்டியாகி, அது நுரையீரலுக்குச் சென்று உயிரைப் பறித்த நிகழ்வுகளும் நடந்தன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சாமுவேல் லெவின், பெர்னார்டு லவுன் என்ற இரு மருத்துவர்கள், மாரடைப்பு வந்தவர்களைத் தொடக்க நாள்களிலேயே தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 81 பேருக்கு இவ்வாறு அளித்த சிகிச்சையைப் பற்றி 1952இல் கட்டுரை வெளியிட்டார்கள். மற்ற மருத்துவர்கள் அஞ்சிய ஆபத்து நேரவில்லை. இன்று மாரடைப்புக்குப் பிறகு படிப்படியாக நடக்கவைத்துப் பயிற்சி தருவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1953இல், லண்டனில் ஜெரமி மாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அது மாடிப் பேருந்து ஊழியர்களைப் பற்றியது. ஓட்டுநர் நாள் முழுக்க இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டு கொடுப்பதற்காக ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறி இறங்குவார். ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே வருமானம், ஒரே ஊர். ஆனால் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் சற்று வயது கடந்தே வந்தது.

மாரிஸ் இத்தோடு நிற்கவில்லை. "பருமனானவர்கள்தான் ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுக்கிறார்களோ?" என்ற ஐயம் எழுந்தபோது, ஊழியர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பளவு உண்மையிலேயே அதிகமாக இருந்தது. எனவே வேறுபாடு முழுவதற்கும் படியேறுவது மட்டுமே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. இரண்டு செய்திகள் சேர்ந்து நிகழ்வதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது என்பதை உயர்நிலை வகுப்பில் விளக்க நான் தேடிய எடுத்துக்காட்டுகளில் இதைப்போல் எளிதானது வேறில்லை. பின்னர் பல நாடுகளில் வெவ்வேறு தொழில் செய்பவர்களிடம் நடந்த ஆய்வுகள், உடலுழைப்புக்கும் இதய நலத்துக்கும் உள்ள தொடர்பை உறுதிப்படுத்தின.

மூன்று வாரமும் முப்பது ஆண்டும்

நோயே இல்லாதவர் படுத்துக் கிடந்தால் என்ன ஆகும்? 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 வயதுள்ள, உடல்நலத்தில் குறையில்லாத ஐந்து இளைஞர்கள் மூன்று வாரம் படுக்கையிலேயே இருந்தார்கள். உடல் தன் உச்ச உழைப்பின்போது ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பது உடல் திறனை அளக்கும் ஓர் அளவுகோல். மூன்று வாரத்தில் அந்த அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்துபோனது. அதன்பின் எட்டு வாரம் கடுமையான பயிற்சி கொடுத்தபோது இழந்ததை மீட்டதோடு, பெரும்பாலும் முன்னைவிட மேலான நிலைக்கும் வந்தார்கள்.

இந்த ஆய்வின் இரண்டாம் பகுதி இன்னும் வியப்பானது. 30 ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே ஐவரை மீண்டும் சோதித்தார்கள். அனைவருக்கும் 50 வயது, எடை கூடியிருந்தது. ஆனாலும் 30 ஆண்டு மூப்பு குறைத்த திறனைவிட, 20 வயதில் மூன்று வாரப் படுக்கை குறைத்த திறனே அதிகம். ஆறு மாதம் படிப்படியான பயிற்சி தந்ததும், மூப்பால் இழந்த திறன் சராசரியில் மீண்டது.

ஐந்து பேரை மட்டும் வைத்து நடந்த ஆய்வுதான் இது. ஆனால் உடலைப் பற்றிய ஓர் அடிப்படை உண்மையை அது தெளிவாகக் காட்டியது. பயன்படுத்தாத உறுப்பை உடல் பராமரிப்பதில்லை. தசை மெலிகிறது, எலும்பு சுண்ணாம்புச் சத்தை இழக்கிறது, இதயம் ஒரு துடிப்புக்கு வெளியேற்றும் இரத்தம் குறைகிறது. ஓய்வு ஒரு மருந்து என்றால், அதற்கும் அளவு உண்டு, பக்கவிளைவும் உண்டு. திண்ணையில் உட்காரும் குழந்தை, தன் நோயோடு சேர்த்து இந்தப் பக்கவிளைவையும் சுமக்கிறது.

அப்படியானால் எல்லாரையும் ஓடவிட்டுவிடலாமா? கூடாது. எந்த நோயில் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தே எந்த அசைவு மருந்தாகும், எது கேடாகும் என்பது அமைகிறது. நம் பள்ளிகளில் காணக்கூடிய நான்கு நிலைகளை எடுத்துக்கொள்வோம்.

முதல் வகை நீரிழிவு: தசை திறக்கும் இரண்டாம் கதவு

குழந்தைகளுக்கு வரும் நீரிழிவில் பெரும்பங்கு முதல் வகையைச் சேர்ந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்பு மண்டலமே அழித்துவிடுகிறது. இனிப்பு தின்றதால் வந்ததும் இல்லை. பெற்றோரின் கவனக்குறைவால் வந்ததும் இல்லை. இந்தக் குழந்தைகள் ஊசி வழியாக நாள்தோறும் இன்சுலின் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் தசைச் செல்லுக்குள் நுழைய, குளுட்-4 என்ற கடத்திப் புரதம் செல்லின் மேற்பரப்புக்கு வரவேண்டும். அதை வரவழைப்பது இன்சுலினின் வேலை. ஆனால் தசை சுருங்கி விரியும்போதும் இதே புரதம், இன்சுலினின் தூண்டுதல் இல்லாமல் வேறொரு வழியாக மேற்பரப்புக்கு வருகிறது. அதாவது ஓடும் தசை, குளுக்கோசுக்கு இரண்டாவது கதவொன்றைத் தானே திறந்துகொள்கிறது. உடற்பயிற்சி இன்சுலினின் பயனைக் கூட்டுகிறது என்பதை 1926இலேயே லண்டன் மருத்துவர் ராபர்ட் லாரன்ஸ் எழுதினார். அவரே நீரிழிவு நோயாளி. இன்சுலினால் உயிர் பிழைத்தவர்.

நன்மையும் ஆபத்தும் இந்த இடத்தில்தான் சேர்ந்தே இருக்கின்றன. நமக்கு ஓடும்போது இன்சுலின் சுரப்பு தானாகக் குறையும். ஊசியில் போட்டுக்கொண்ட இன்சுலின் அப்படிக் குறையாது. இரு கதவுகளும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். வியர்வை, கை நடுக்கம், கடும் பசி, காரணமில்லாத எரிச்சல், பேச்சில் தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். "ஏன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிக்கிறாய்?" என்று நாம் அதட்டும் மாணவர், அந்த நேரத்தில் சர்க்கரை குறைந்த நிலையில் இருக்கக்கூடும். உடனே ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி சர்க்கரை அல்லது குளுக்கோசைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து நிலையைப் பார்க்க வேண்டும். தனியாக விடக்கூடாது. மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108க்கு அழைக்க வேண்டும்.

தசை தான் செலவழித்த சேமிப்பைப் பல மணி நேரம் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் மாலையில் விளையாடியவருக்கு இரவிலும் சர்க்கரை இறங்கலாம். விளையாட்டு விழா ஒத்திகை நடக்கும் நாள்களைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்வது, நாம் செய்யக்கூடிய சிறிய, ஆனால் மிக முக்கியமான உதவி.

ஆஸ்துமா: முதல் பத்து நிமிடம்

வேகமாக ஓடும்போது வாய் வழியாக நிறையக் காற்றை இழுக்கிறோம். அந்தக் காற்றை ஈரப்படுத்தும் வேலையில் மூச்சுக்குழலின் உட்சுவர் உலர்கிறது. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழல் ஏற்கெனவே அழற்சியோடு இருப்பதால், இந்த உலர்வே அங்குள்ள செல்களைத் தூண்டி, குழலைச் சுற்றியுள்ள தசையை இறுகவைக்கிறது. இழுப்பு வருகிறது.

இதற்குத் தீர்வும் உடலின் இயல்பிலேயே இருக்கிறது. 10 முதல் 15 நிமிடம் வரை மெதுவான நடை, சிறு ஓட்டம், இடையிடையே சற்று வேகம் என்று உடலைப் பதப்படுத்தினால், அதன்பின் சிறிது நேரத்துக்குப் பலருக்கும் மூச்சுக்குழல் அவ்வளவு எளிதில் இறுகுவதில்லை. மணியடித்ததும் நேராகக் கபடிக் களத்தில் இறக்குவதற்கும், பதப்படுத்திய பிறகு இறக்குவதற்கும் இந்தக் குழந்தையைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு. ஓடுவதற்கு முன் இன்ஹேலர் எடுக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தால், அதை வெட்கமில்லாமல் எடுக்கும் சூழலை நாம் உருவாக்க வேண்டும். இன்ஹேலர் தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டப்பட்டிருக்கக்கூடாது. மைதானத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஏழு விளையாட்டுகள் அடங்கிய ஹெப்டத்லான் போட்டியில் 1988, 1992 ஆகிய இரு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற ஜாக்கி ஜாய்னர்-கெர்சி ஆஸ்துமா உள்ளவர் என்பதை வகுப்பில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

மூளை முடக்குவாதம்: பயன்படுத்தக் கற்கும் கை

பிறப்புக்கு முன்போ, பிறக்கும்போதோ, குழந்தைப் பருவத் தொடக்கத்திலோ மூளையில் ஏற்படும் பாதிப்பால் வருவது மூளை முடக்குவாதம். அந்தப் பாதிப்பு நாளுக்கு நாள் வளர்வதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள்கிறது, விறைப்பான தசை அதற்கு ஈடாக நீள்வதில்லை. அசைவும் நீட்டிப் பயிற்சியும் இல்லாவிட்டால் மூட்டு மடங்கியபடியே இறுகிவிடுகிறது. இரண்டாம் வகுப்பில் நடந்த குழந்தை எட்டாம் வகுப்பில் நடக்கச் சிரமப்படுவதற்குப் பெரும்பாலும் காரணம் மூளை இல்லை. இந்த இறுக்கமும், கூடிவரும் உடல் எடையும், குறைந்துபோன பயிற்சியும்தான்.

எட்வர்டு டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பைத் துண்டித்தபின் குரங்கு அந்தக் கையைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டது. நல்ல கையைக் கட்டிவைத்தபோது, விட்டுவிட்ட கையை மீண்டும் பயன்படுத்தியது. அசைக்கும் ஆற்றல் மிச்சமிருந்தும், முயன்று தோற்றதால் பயன்படுத்தாமை ஒரு பழக்கமாகக் கற்கப்பட்டுவிட்டது என்பது அவர் முடிவு. இதிலிருந்து பிறந்த சிகிச்சையில், நல்ல கைக்கு உறை மாட்டி, பலவீனமான கையைச் சில வாரங்களுக்கு நாள்தோறும் பல மணி நேரம் சிறுசிறு வேலைகளில் பழக்குகிறார்கள். முதலில் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்கும், பிறகு ஒருபக்க முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கும் இது பயனளித்தது.

கையைக் கட்டுவது இயன்முறை மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டிய சிகிச்சை, நாம் செய்யக்கூடாது. ஆனால் அதன் அடிப்படைக் கருத்து ஆசிரியருக்குப் புதிதன்று. மாணவர் தானே செய்யக்கூடியதை நாம் செய்து கொடுத்துக்கொண்டே இருந்தால், அவர் அதைக் கற்கமாட்டார். பலவீனமான கையால் நோட்டைப் பிடித்துக்கொள்ளட்டும், டிபன் பாக்சைத் திறக்கட்டும், பந்தை உருட்டட்டும். நேரம் கூடுதலாகும், அந்த நேரத்தைக் கொடுப்பதுதான் நம் பங்கு.

டூஷென் தசைச்சிதைவு: பயிற்சியே காயமாகும் இடம்

இதுவரை சொன்னதற்கு எதிர்ப்புறத்தில் நிற்பது இந்த நோய். பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வரும் மரபு நோய் இது. தசை இழையின் உட்புறச் சட்டகத்தை அதன் மேலுறையோடு பிணைத்துத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இவர்களிடம் உருவாவதில்லை. 1987இல் இந்தப் புரதம் கண்டறியப்பட்டபோதுதான் நோயின் காரணம் தெளிவானது. கம்பி கட்டாமல் எழுப்பிய சுவர் அதிர்வில் விரிசல் விடுவதுபோல், ஒவ்வொரு கடும் உழைப்பிலும் தசையின் மேலுறை கிழிகிறது. கிழிந்த இழைகள் மெல்ல மெல்ல கொழுப்பாகவும் நாராகவும் மாறுகின்றன. கெண்டைக்கால் பருத்து, பலசாலியின் கால்போலத் தோன்றுவதும் இதனால்தான்.

தசை, நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும்போது கிழிசல் அதிகம். மாடிப்படி இறங்குவது, உயரத்திலிருந்து குதிப்பது, உட்கார்ந்து எழுவது எல்லாம் இந்த வகை. மற்ற குழந்தைகளின் தசையை வளர்க்கும் பயிற்சியே இவர்களின் தசையைச் சிதைக்கிறது. தோப்புக்கரணம் போடச் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு தடைசெய்கிறது. நோய் கண்டறியப்படாத ஒரு சிறுவன், "சோம்பேறி" என்ற பெயரோடு நம் வகுப்பில் இருக்கக்கூடும் என்பது, அந்தத் தடையை மதிக்க மருத்துவம் தரும் இன்னொரு காரணம்.

அதற்காக இவர்களைத் திண்ணையிலேயே உட்காரவைப்பதும் சரியன்று. நெதர்லாந்தில் இந்த நோயுள்ள 30 சிறுவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினர் 24 வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், மோட்டார் உதவியுடன் சுழலும் மிதிகட்டையில் கால்களுக்கு 15 நிமிடமும் கைகளுக்கு 15 நிமிடமும் மென்மையான பயிற்சி செய்தார்கள். 2013இல் வெளியான முடிவின்படி, பயிற்சி செய்தவர்களின் இயக்கத்திறன் ஏறத்தாழ அப்படியே இருந்தது. செய்யாதவர்களின் திறன் குறைந்தது. நோயை அது குணப்படுத்தவில்லை. ஆனால் தசை இழப்பில் ஒரு பங்கு நோயால் வருவது, இன்னொரு பங்கு சும்மா இருப்பதால் வருவது என்பதையும், இரண்டாவதைத் தள்ளிப்போட முடியும் என்பதையும் காட்டியது. நீச்சல், சமதளத்தில் சிறு நடை, களைப்பு வரும் முன்பே நிறுத்தும் விளையாட்டு ஆகியவை இவர்களுக்கு உகந்தவை.

இந்த நோயை முதலில் கவனிக்கக்கூடியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். அடிக்கடி கீழே விழுதல், முன்காலில் நடத்தல், படியேறத் திணறல், தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி உடல்மேல் தானே ஏறுவதுபோல் எழுதல் ஆகியவற்றைக் கண்டால், பெற்றோரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

5 முதல் 17 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் வேகமானது வரையிலான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கும் அதே அளவையே அது பரிந்துரைக்கிறது. அவரவர் திறனுக்கேற்பத் தொடங்கிக் கூட்டச் சொல்கிறது. என் பள்ளி அனுபவத்தில் பயன்பட்ட சில நடைமுறைகள்:

1. மருத்துவச் சான்று கேட்கும்போது "விளையாடலாமா, கூடாதா?" என்று கேட்காமல், "எதைச் செய்யலாம், எவ்வளவு நேரம், எந்த அறிகுறி வந்தால் நிறுத்த வேண்டும்?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதல் கேள்விக்குப் பெரும்பாலும் "வேண்டாம்" என்றே பதில் வரும்.

2. அந்தத் தாளை வகுப்பாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து படியுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் போவதே பல சிக்கல்களுக்குக் காரணம்.

3. வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் பள்ளியில் எந்தப் பயிற்சியைத் தொடரலாம் என்று கேளுங்கள். வாரத்தில் ஒரு நாள் செய்யும் பயிற்சியை மற்ற நாள்களுக்கும் கொண்டுசெல்வது பள்ளியால் மட்டுமே முடியும்.

4. நடுவர், மதிப்பெண் குறிப்பவர் என்ற பொறுப்புகள் நல்லவைதான். ஆனால் அவை அசைவுக்கு மாற்றாகிவிடக்கூடாது. பந்தை எறிதல், உருட்டுதல், சிறு தூரம் நடத்தல் என ஏதேனும் ஒன்று நாள்தோறும் இருக்கட்டும்.

5. ஓடும்போது மயக்கம், நெஞ்சுவலி, இயல்புக்கு மீறிய படபடப்பு, விளையாடியபின் சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி மருத்துவரிடம் அனுப்புங்கள். காய்ச்சல் இருக்கும்போது யாரையும் ஓடவைக்க வேண்டாம். பிறவி இதய நோய் உள்ளவர்களுக்கு இதய மருத்துவரின் அனுமதியே அளவுகோல்.

நோயுள்ள குழந்தைக்கு எவ்வளவு அசைவு என்பதை மருத்துவர் சொல்லலாம்; எப்படி என்பதை இயன்முறை மருத்துவர் சொல்லித்தரலாம். ஆனால் அந்தக் குழந்தையை வாரத்தில் ஐந்து நாள், பகல் முழுவதும் பார்ப்பவர்கள் நாம். அடுத்த விளையாட்டுப் பாடவேளைக்கு முன், திண்ணையில் உட்காரும் ஒரு மாணவரின் பெற்றோரிடமாவது மேலே சொன்ன அந்த மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுவோம்.